பெங்குவின்களை மட்டும் அழித்துவிடுங்கள்

எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவினருக்கு,

வணக்கம். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து, மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா எழுதுகிறேன்.

சைக்கிள் நிறுத்தும் இடத்துச் சுவரில் புதிதாக வரைந்த படம் நன்றாக இருக்கிறது. பனிப்பாறைமேல் வெள்ளைக் கரடி, அதன் காலடியில் மூன்று பெங்குவின், கீழே ‘துருவக் கரடி’ என்று எழுத்து. “கரடி ஏம்ப்பா அதுங்களைத் தின்னாம நிக்குது?” என்று மகள் கேட்டாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை, கரடி வடக்கே, பெங்குவின் தெற்கே என்றேன். போன கூட்டத்தில் இதைச் சொன்னபோது, “துருவம்னா ரெண்டும்தானே” என்று முடித்துவிட்டீர்கள்.

சரி, பெயரையே பார்ப்போம். துருவன் என்றால் நம் பாட்டிமார்களுக்கு வடக்கே அசையாமல் நிற்கும் நட்சத்திரம். நம் ஊரிலிருந்து அது அடிவானத்துக்கு 12 பாகைக்குக் கொஞ்சம் மேலேதான். பாதி நாள் மலையே மறைத்துவிடும். வடதுருவத்தில் அது உச்சந்தலைக்கு நேர் மேலே. கிரேக்கர்கள் அதே வடக்கு வானத்தில், நம் சப்தரிஷி மண்டலம் இருக்கும் இடத்தில் ஒரு கரடியைக் கண்டார்கள். கரடிக்கு அவர்கள் சொல் ஆர்க்டோஸ். அதிலிருந்துதான் ஆர்க்டிக் வந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் அண்டார்டிக். பெங்குவின் இருக்கும் பக்கத்தின் பெயரிலேயே ‘கரடிக்கு எதிர்ப்பக்கம்’ என்று இருக்கிறது! வானத்துக் கரடிக்கு வைத்த பெயர் தரைக் கரடிக்கும் பொருந்திப்போனது தற்செயல்தான் (நான் கரடி விடவில்லை).

அதனால் ‘துருவக் கரடி’ என்ற எழுத்து அப்படியே இருக்கட்டும். முடிந்தால் பக்கத்தில் ‘கடல் கரடி’ என்றும் சேர்க்கலாம். 1774இல் பிப்ஸ் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி வைத்த அறிவியல் பெயர் உர்சஸ் மாரிட்டிமஸ்; அதற்கு அதுதான் பொருள். நம் அஞ்செட்டிக் காட்டுக் கரடி புற்றைத் தோண்டிக் கரையான் தின்னும். இதற்குச் சாப்பாடு கடலில், உறைந்த பனிமேல் நின்று பிடிக்கும் சீல்.

பெங்குவின் நிற்கும் இடத்தில் பனியில் ஒரு ஓட்டை வரையச் சொல்லுங்கள். சீல் மூச்சுவிட அங்கேதான் தலையை நீட்டும். கரடி பக்கத்திலேயே மணிக்கணக்கில் காத்துக்கிடக்கும். அப்புறம் அது ஏன் சும்மா நிற்கிறது என்று யாருக்கும் சந்தேகம் வராது. பெயிண்ட் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்