டிஸ்சார்ஜ் ஆன பிறகு எங்கே போவார்கள்?

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவைச் சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீடில்லாமல் பிளாட்பாரத்தில் வாழ்கிறவர்களின் மருத்துவம் பற்றி, அதிலும் அவர்கள் வார்டை விட்டு வெளியே போகும் நாளைப் பற்றி, உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

108 வண்டி ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினால், பேர் தெரியாதவர் என்றாலும் ஆபரேஷன் நடக்கிறது. அதில் எனக்குப் பெருமை உண்டு. சிக்கல் மறுநாள்தான் ஆரம்பிக்கிறது. "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்போம். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, கஞ்சி ஊட்ட, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக ஒரு ஆள் இருப்பார் என்று நம்பித்தான் நம் வார்டுகள் ஓடுகின்றன. துணைக்கு ஆள் இல்லாதவர் எல்லாவற்றிலும் கடைசியாகிவிடுகிறார். அப்புறம் படுக்கைக்கு நெருக்கடி வந்தால் முதலில் டிஸ்சார்ஜ் ஆகிறவரும் அவர்தான்.

பாரிமுனைப் பக்கம் மீன்பாடி வண்டி (மூன்று சக்கரச் சுமை வண்டி) ஓட்டியவர் ஒருவர் சுகரால் கால்விரல் அழுகி வந்தார். விரலை எடுத்தோம், புண்ணும் சுத்தமாக இருந்தது. 'தினமும் கட்டு மாற்றவும், காலில் ஈரம் படக்கூடாது, நடக்கக்கூடாது' என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுத்தோம். அவர் படுப்பது கடை வாசலில். காலையில் கடை திறக்கும் முன் எழுந்தாக வேண்டும். மழை பெய்தால் அந்த இடமும் கிடையாது. அடுத்த முறை வந்தபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்குக் கிடைக்காதது மருந்து அல்ல, காலை நீட்டிப் படுக்க ஒரு காய்ந்த இடம்.

தெருவில் மாத்திரை சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்பது வெளியிலிருந்து தெரியாது. இன்சுலினை வைக்க ஃபிரிட்ஜ் இல்லை. சாப்பாடு நிச்சயமில்லாதவர் சுகர் மாத்திரை போட்டால் மயங்கி விழுவார். இதய நோய்க்காக, அடிக்கடி சிறுநீர் போக வைக்கும் நீர் மாத்திரை கொடுத்தால் பெண்கள் நிறுத்திவிடுவார்கள். இரவில் ஒதுங்க இடமில்லாதவள் வேறென்ன செய்வாள்? இவர்களைப் பற்றி 'ஒழுங்காக மருந்து சாப்பிடாதவர்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது நியாயமே இல்லை.

நகரங்களில் 1 லட்சம் மக்கள்தொகைக்கு வீடில்லாதவர்களுக்கான ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. மாநகராட்சி காப்பகங்கள் நடத்துகிறது, நல்லபடியாக நடப்பவற்றையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எழுந்து நடக்க முடியாதவரைச் சேர்க்கத் தயங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. புண்ணுக்குக் கட்டுப் போட அங்கே யார் இருக்கிறார்கள்?

நான் கேட்பது குணமாகும் வரை தங்க ஓர் இடம். நோயாளிகளுடன் வருகிறவர்களுக்காக மருத்துவமனை வளாகங்களில் மாநகராட்சி நடத்தும் காப்பகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியைத் துணையில்லாத நோயாளிகளுக்கு ஒதுக்குங்கள். ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ், கட்டு மாற்ற ஒரு அறை, ஒரு ஃபிரிட்ஜ், பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழக் கழிப்பறையில் கைப்பிடி. சாப்பாட்டுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. துணையில்லாத ஒருவரை, அங்கே இடம் உறுதியான பிறகே வார்டிலிருந்து அனுப்ப வேண்டும் என்று ஓர் உத்தரவும் வேண்டும். ஒரு காலைக் காப்பாற்றினால் அந்த ஆள் மறுபடியும் வாரக்கணக்கில் வார்டில் படுக்க வேண்டியிருக்காது, செலவும் மிச்சம்.

இன்னொன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் 2024-ல் ஐ.நா. விருது வரை போனது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் அருமையான திட்டம். வால்டாக்ஸ் சாலையிலும் பூக்கடையிலும் தலைமுறையாகப் பிளாட்பாரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கும் அதே மாத்திரைகள் போய்ச் சேரட்டும். பகலில் போனால் வேலைக்குப் போயிருப்பார்கள், இரவு எட்டு மணிக்கு மேல் போக வேண்டும். ஒரு மாதத்து மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தால் நனையும், திருடு போகும். வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பதுதான் சரி.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். முகவரி இல்லாதவர் இரண்டுக்கும் எங்கே போவார்? காப்பகப் பொறுப்பாளரோ மாநகராட்சி மருத்துவ அலுவலரோ தரும் கடிதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். காசநோய்க்காரர்களுக்கு அரசு தரும் சத்துணவுப் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. ஆகவே சிகிச்சை தொடங்கும் அன்றே கணக்குத் திறந்து கொடுக்கவும் ஏற்பாடு வேண்டும்.

முதலில் ராஜீவ் காந்தி மருத்துவமனை, ஸ்டான்லி இரண்டிலும் இதை ஆரம்பித்துப் பாருங்கள், அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே. கட்டுப் போடவும், புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் என்னைப் போல ஓய்வு பெற்ற நர்ஸ்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம். கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
சென்னை