தங்கச்சி என்று கூப்பிடுகிறார், ஒப்பந்தம் தருகிறாரா?

அன்புத் தங்கைக்கு,

உன் முதல் நாவல் புத்தகக் கண்காட்சிக்கு வருகிறது என்று கேட்டதில் ரொம்ப சந்தோஷம். அட்டையும் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பதிப்பாளரோடு ஒப்பந்தம் போட்டாயா என்று கேட்டதற்கு நீ எழுதிய பதில்தான் உறுத்துகிறது. "அவர் என்னைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவார். அவர்கிட்ட போய் எப்படிக்கா பேப்பர் கேட்கிறது?"

அவர் நல்லவராகவே இருக்கட்டும். தமிழில் பதிப்பாளர்கள் பலரும் கொட்டிக் கொழிப்பவர்கள் இல்லை. அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை வராத வருடத்தில் அவர்கள் படும் பாடும் எனக்குத் தெரியும். ஆனால் ஓர் ஆண் கணக்குக் கேட்டால் 'கறாரான ஆள்' என்பார்கள். நாம் கேட்டால் "என்னம்மா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். சில இடங்களில் "சார்கிட்ட பேசிக்கிறோம்" என்று வீட்டுக்காரருக்கே போன் போய்விடும். நாவலை எழுதியது சாரா?

உனக்குப் பிடித்த ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினையே எடுத்துக்கொள். 1803-இல் 'சூசன்' என்ற நாவலை லண்டனில் கிராஸ்பி என்ற பதிப்பாளருக்கு 10 பவுண்டுக்கு விற்றார். அதுவும் நேரடியாக இல்லை, அண்ணன் ஹென்றியின் வக்கீல் மூலமாக. கிராஸ்பி விளம்பரம்கூடக் கொடுத்தார். புத்தகம் மட்டும் வரவில்லை. 1809-இல் ஆஸ்டின் ஒரு புனைபெயரில் கடிதம் எழுதினார்: கையெழுத்துப் பிரதி தொலைந்திருந்தால் இன்னொன்று தருகிறேன், வெளியிட மனமில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். வந்த பதிலைக் கேள். இந்தத் தேதிக்குள் வெளியிடுவோம் என்று எழுதிக்கொள்ளவில்லை. வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேறு யாராவது போட்டால் தடுப்போம். வேண்டுமானால் அதே 10 பவுண்டைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். 1816-இல்தான் அது திரும்பக் கைக்கு வந்தது. 1817 ஜூலையில் ஆஸ்டின் இறந்துபோனார். அந்த வருடக் கடைசியில் 'நார்த்தாங்கர் அபே' என்ற பெயரில் வெளிவந்தது அந்த நாவல்தான்.

'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' கதை வேறு மாதிரி. 150 பவுண்டு கேட்டு, 110-க்கு இறங்கி, பதிப்புரிமையை மொத்தமாகக் கொடுத்துவிட்டார். 1813-இல் வந்து அதே வருடம் இரண்டாம் பதிப்பும் கண்டது. அதில் அவருக்கு ஒரு காசு இல்லை. பிறகு ஜான் மர்ரே என்ற பதிப்பாளர் 'எம்மா'வோடு சேர்த்து மூன்று நாவல்களின் உரிமைக்கு 450 பவுண்டு தருவதாகச் சொன்னபோது, மாட்டேன் என்று சொல்லிச் சொந்தப் பொறுப்பில் போட்டார். அந்தக் கணக்கில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் எழுத்தாளர் வை.மு. கோதைநாயகி இந்தச் சிக்கலையே வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார். 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தி, தன் நாவல்களைத் தானே வெளியிட்டார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள்! நமக்கு எழுதவே நேரம் போதவில்லை, பதிப்பகம் எங்கே நடத்துவது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் படித்துப் பார். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்த நூல், என்னென்ன உரிமை, எத்தனை காலம், ராயல்டி (விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு) எவ்வளவு என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி. இந்த ஒரு விதி அன்றைக்கு இருந்திருந்தால் கிராஸ்பி அந்தப் பதிலை எழுதியிருக்க முடியாது. ஆனால் 'ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய' என்று ஒரு வாலும் சட்டத்தில் உண்டு. அதனால் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிடாதே.

இன்னொன்றையும் கவனி. எழுத்தில் எதுவும் இல்லாததால் உன் நாவலின் உரிமை இன்னும் முழுக்க உன்னிடம்தான் இருக்கிறது. அப்படியென்றால், காசு போட்டு அச்சடிக்கும் உன் பதிப்பாளர் அண்ணனுக்கும் பாதுகாப்பு இல்லை. இதைச் சொல்லியே கேளேன்: "அண்ணா, உங்களுக்கும் நல்லது, ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம்." நல்லவர் என்றால் கோபப்பட மாட்டார்.

ராயல்டி என்று தமிழில் வழக்கமாகச் சொல்வது விலையில் 10 சதவீதம். எத்தனை பிரதி அடித்தார்கள், நூலகத்துக்கு எத்தனை போயின என்று வருடத்துக்கு ஒரு முறையாவது கணக்குத் தர வேண்டும் என எழுதிக்கொள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா ஆகியவற்றை அச்சு உரிமையோடு சேர்த்து ஒரே வரியில் 'அனைத்து உரிமைகளும்' என்று போட்டிருந்தால் அடித்துவிட்டுத் தனித்தனியாகப் பேசு. முக்கியமாக மொழிபெயர்ப்பு. புத்தகம் பேசப்பட்டால் முதலில் அதைத்தான் கேட்டு வருவார்கள்.

பேப்பர் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு நகல் வாட்ஸ்அப்பில் அனுப்பு. கண்காட்சி தொடங்க இன்னும் நாள் இருக்கிறது, அவசரப்படுத்தினால் நான் சொன்னேன் என்று சொல்.

அன்புடன்,
அக்கா