எல்லாவற்றுக்கும் ‘கிளர்ச்சி’ தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பற்றி ஒரு முறைப்பாடு. கோபத்தில் எழுதவில்லை, முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவனின் பழக்கதோசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை என் தம்பியின் மகள், ஏ.எல். படிக்கிறவள், ரியூசன் கொப்பியோடு வந்தாள். ரெபெலியன், ரிவோல்ட், மியூற்றினி, இன்ஸரெக்சன், அப்ரைசிங் என்று ஐந்து சொற்கள், எதிரே ஐந்துக்கும் ‘கிளர்ச்சி’ என்று ஒரே தமிழ். “பெரியப்பா, எல்லாம் ஒண்டெண்டா வெள்ளைக்காரன் ஏன் அஞ்சு சொல்லு வைச்சிருக்கிறான்?” என்றாள். நியாயமான கேள்வி. இதை ஆர் பிள்ளை எழுதித் தந்தது என்று கேட்டேன். பேப்பரில் வந்ததைப் பார்த்துத் தானே எழுதினாளாம். எங்கள் வீட்டுக்கு வருகிற ஒரே பேப்பர் உங்களுடையதுதான்.

மியூற்றினியை எடுங்கள். அதை எல்லாராலும் செய்ய முடியாது. கீழ்ப்படிவேன் என்று சத்தியம் செய்து கொடுத்த படைவீரனும் கப்பலில் வேலை செய்கிறவனும்தான் செய்யலாம். நீங்களும் நானும் கச்சேரிக்கு, அதாவது அரசாங்கச் செயலகத்துக்கு, முன்னால் நின்று நாள் முழுக்கக் கத்தினாலும் அது மியூற்றினி ஆகாது. 1942 மே மாதம் இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவில் காவலுக்கு நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தங்கள் பிரிட்டிஷ் அதிகாரிக்கு எதிராகத் திரும்பினார்கள், அந்த ஆகஸ்டிலேயே மூன்று பேரைக் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தூக்கில் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தக் குற்றத்துக்காக உயிர்போன பொதுநலவாயப் படையினர் அந்த மூன்று பேர் மட்டும்தான். அதற்கு வேறு எந்தச் சொல்லும் பொருந்தாது. ஆனால் 1857ஐயும் வெள்ளைக்காரர் அதே சொல்லால்தான் எழுதி வைத்தார்கள், நாங்களும் ‘சிப்பாய்க் கலகம்’ என்று பாடமாக்கிவிட்டுப் போனோம். ஜான்சி ராணி எந்தப் படையில் சம்பளம் வாங்கினார்? சிப்பாய்களோடு சேர்ந்து எழும்பின குடியானவர்கள் யாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்கள்? அந்த ஒரு சொல்லைப் போட்டதும் இவர்கள் எல்லாரும் கதையிலிருந்து காணாமல் போய், சொல்வழி கேளாத கொஞ்சச் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

ரெபெலியன் வேறு. லத்தீனில் அதன் அடி ‘மறுபடியும் போர்’. அடங்கிவிட்டான் என்று நினைத்தவன் திரும்ப எழும்புகிறான். 1815இல் ஆங்கிலேயர் ஒப்பந்தம் எழுதி எடுத்த கண்டி இராச்சியம் 1817இல் ஊவாவில் எழும்பியதே, அது சரியாக இந்தச் சொல்லுக்குள் வரும். அதன் தலைவர்களை ஆங்கிலேயர் துரோகிகள் என்று பிரகடனம் செய்தார்கள். 2016இல் எங்கள் அரசாங்கம் அதை நீக்கி, தேசிய வீரர்கள் என்று அறிவித்தது. செய்த வேலை அதே வேலை, ஆட்களும் அதே ஆட்கள், பெயர் மாறக் கிட்டத்தட்ட 200 வருடம் பிடித்தது.

ரெவலூசனுக்கு உங்கள் ‘புரட்சி’ சரி. வென்ற பிறகுதான் பெரும்பாலும் அந்தப் பெயர் கிடைக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 2023 ஜூனில் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை மொஸ்கோவை நோக்கிக் கிளம்பி ஒரே நாளில் திரும்பிப் போனதை உங்கள் பக்கத்தில் ‘புரட்சி’ என்று போட்டிருந்தீர்கள். பாவம் புரட்சி.

என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது இன்ஸரெக்சன். இது வழக்கு மன்றத்துச் சொல். 2021 ஜனவரி 6ஆம் திகதி ட்ரம்பின் ஆதரவாளர்கள் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டிடத்துக்குள் புகுந்ததைச் சிலர் ரையட், அதாவது கலவரம், என்றார்கள், சிலர் இன்ஸரெக்சன் என்றார்கள். பார்த்தால் சொற்சண்டை மாதிரித்தான் இருக்கும். ஆனால் அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தில், அரசியலமைப்பைக் காப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு இன்ஸரெக்சனிலோ ரெபெலியனிலோ ஈடுபட்டவர் பதவி வகிக்க முடியாது என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 2023 டிசம்பரில் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் ட்ரம்பின் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து எடுக்கச் சொன்னது; அடுத்த மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதை முடிவு செய்வது மாநிலத்தின் வேலை இல்லை என்று தீர்ப்பை மாற்றியது. அவ்வளவையும் ‘கலவரம்’ என்று எழுதினால் வாசிக்கிறவனுக்கு வழக்கு எதற்கு என்றே விளங்காது.

அதைவிடத் தென்கொரியா. 2024 டிசம்பரில் இராணுவச் சட்டத்தை அறிவித்த ஜனாதிபதி யூன் மீது அடுத்த மாதமே வழக்குப் போட்டார்கள். உங்கள் தலைப்பு: ‘கிளர்ச்சி செய்ததாக ஜனாதிபதி மீது குற்றச்சாட்டு’. கையில் இருந்த தேத்தண்ணி ஆறும் வரைக்கும் யோசித்தேன். நாட்டை ஆளுகிறவர் யாருக்கு எதிராகக் கிளர்ந்தார், தனக்கு எதிராகவா? அந்தக் குற்றம் அரசியலமைப்பைக் கவிழ்க்கப் பார்த்தது. ‘அரசியலமைப்பைக் கவிழ்க்க முயன்றதாக’ என்று எழுதியிருந்தால் தலைப்பு கொஞ்சம் நீண்டிருக்கும், விசயம் விளங்கியிருக்கும்.

செடிசனைத் ‘தேசத்துரோகம்’ என்று எழுதுவதையும் தயவு செய்து நிறுத்துங்கள். அது அரசாங்கத்தின் மேல் வெறுப்பை மூட்டிய குற்றம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி.யை 1908இல் இந்தக் குற்றத்துக்காகத்தான் தண்டித்தார்கள். அப்படியானால் வ.உ.சி. தேசத்துரோகியா? அரச விரோதம் என்றோ அரச நிந்தனை என்றோ போடலாமே.

இவ்வளவும் சொல்லுகிறேன், நாங்களும் சுத்தமில்லை. இலங்கையில் தமிழரை அடித்த 1958உம் 77உம் 83உம் என் அம்மாவுக்கு எல்லாம் ‘கலவரம்’தான், நானும் வாய்தவறி இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுகிறேன். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தவர்களின் வேலைக்கு, இரண்டு பக்கமும் அடிபட்ட மாதிரி ஒரு சொல். ஆங்கிலத்தில் ரையட்ஸ் என்று எழுதினார்கள், நாங்கள் அதை அப்படியே தமிழாக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டோம்.

எனக்கே ஒருமுறை நடந்தது. வராத ஒருவருக்கு வரவு போடச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன், மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஆங்கிலப் பிரதியில் இன்சபோடினேசன், அதாவது மேலதிகாரி சொல் கேளாமை. தமிழ்ப் பிரதியில் ‘கலகம் விளைவித்தமை’. மனுசி அதை வாசித்துவிட்டு, “மீன்காரனோட விலை பேசவே பயப்பிடுற ஆள், கலகம் செய்தவராம்” என்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது.

தமிழில் சொல் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். உங்கள் முதற்பக்கத்தை எடுத்துப் பாருங்கள். கவனயீர்ப்புப் போராட்டம், அடையாள உண்ணாவிரதம், சுழற்சி முறை உண்ணாவிரதம், பணிப்பகிஷ்கரிப்பு, ஹர்த்தால், எத்தனை வகை! ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் அடுத்த நாளே யாராவது தொலைபேசி எடுத்துச் சண்டைக்கு வருவார்கள். 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலுக்கு ஆளை நிறுத்தாமல் விட்டதைப் பகிஷ்கரிப்பு என்கிறோம். 1961 பெப்ரவரியில் கச்சேரி வாசலில் இருந்ததைச் சத்தியாக்கிரகம் என்கிறோம், ஏப்ரலில் சொந்தமாகத் தபால்முத்திரை விற்றதைச் சட்டமறுப்பு என்கிறோம். சும்மா இருந்து மறிப்பதற்கும் சட்டத்தைத் தெரிந்தே மீறுவதற்கும் உள்ள வித்தியாசம் எங்கள் ஆட்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. உள்ளூருக்கு இவ்வளவு கவனம், வெளிநாட்டுப் பக்கத்துக்கு வந்ததும் ஒரே வாளியால் எல்லாவற்றையும் அள்ளி ஊற்றுவது ஏன்?

சரி, பிள்ளையின் கொப்பிக்கு வருகிறேன். மியூற்றினிக்குப் படைக்கலகம், அப்ரைசிங்குக்கு மக்கள் எழுச்சி, இன்ஸரெக்சனுக்கு இடத்தைப் பார்த்து ஆயுதக் கிளர்ச்சி அல்லது அரசியலமைப்பைக் கவிழ்க்கும் முயற்சி, ரெபெலியனுக்கு மட்டும் பழைய கிளர்ச்சியே இருக்கட்டும் என்று திருத்திக் கொடுத்தேன். ரிவோல்ட்டில் மாட்டிக்கொண்டேன். வரி கட்ட மாட்டோம் என்று ஊரே திடீரென்று கிளம்புகிற மாதிரி, ரெபெலியனைவிடக் குறுகியது, சூடானது. அதற்கு எதிரே இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. உங்கள் செய்தி மேசையில் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால், சோதனைக்கு முதல் பேப்பரில் போட்டுவிடுங்கள், அவள் பார்த்து எழுதிக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கோண்டாவில்.