டெஸ்ட் ஊர் வரைக்கும் கொண்டு வந்து விடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எச்சில் துப்பி அனுப்பினா பூர்வீகம் தெரிஞ்சிடும்னு போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். அந்த டி.என்.ஏ டெஸ்ட் பத்தி நெறைய எழுதியிருந்தீங்க, டெஸ்ட் முடிஞ்சப்புறம் ஆரம்பிக்கற வேலைய பத்தி ஒரு வரிகூட இல்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர். நான் வந்தவாசி பக்கம், தபால்துறையில 34 வருஷம் இருந்து ரிடையர் ஆனவன்.

ரெண்டு வருஷம் முன்னாடி தென்னாப்பிரிக்கா டர்பன்லேர்ந்து ஒரு டீச்சரம்மா தம்பிய கூட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. அவங்க தாத்தாவோட அப்பா 1880கள்ல மெட்ராஸ்ல கப்பலேறி, டர்பன் இருக்கற நேட்டால் பகுதிக்கு கரும்பு வெட்டப் போனவரு. தமிழ் அவங்களுக்கு நாலஞ்சு வார்த்தைதான் வரும், ஆனா பாட்டிய ஆயான்னு சொல்றாங்க, ஆடி மாசம் அம்மனுக்கு கூழ் ஊத்தறாங்க (அங்க அதுக்கு பாரிட்ஜ் பிரேயர்னு பேராம்). இத கேட்ட உடனே எனக்கு இவங்க நம்ம வட ஆற்காடு பக்கத்து ஆளுங்கதான்னு மனசுல பட்டுடுச்சு.

அவங்க டெஸ்ட் எடுத்திருந்தாங்க. மேப்ல தென்னிந்தியா இலங்கை ரெண்டையும் சேத்து ஒரு பெரிய கலர் திட்டு வந்துச்சு, அவ்ளோதான், அது அவங்களுக்கு டெஸ்ட் எடுக்காமலே தெரிஞ்ச விஷயம். சொந்தக்காரங்கன்னு லிஸ்ட் நீளமா வந்துச்சு, எல்லாரும் டர்பன், ஜோகன்னஸ்பர்க், ஆஸ்திரேலியான்னு அங்கேர்ந்து போனவங்கதான். அந்த கம்பெனில ஏற்கெனவே டெஸ்ட் எடுத்து வச்சிருக்கறவங்களோடதான் நம்மள ஒத்துப் பாப்பாங்க, நம்ம கிராமத்துல யாரு எடுத்திருக்கா சொல்லுங்க. ரொம்ப கீழ ஒரே ஒரு பேரு, எங்க அண்ணன் பையனோடது, அவன் நியூஜெர்சில இருக்கான், எங்க சித்தப்பா போஸ்ட்மேனா இருந்தவரு அவருக்கு அந்த பக்கத்து ஊர் எல்லாம் தெரியும்னு சொல்லி என் நம்பர குடுத்திருக்கான்.

டீச்சரம்மாவுக்கும் அவனுக்கும் 41 சென்டிமார்கன் (டி.என்.ஏ எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு சொல்ற அளவு) ஒத்துப்போகுது, மூணாவது நாலாவது சுத்து சொந்தமா, அதாவது கொள்ளுத்தாத்தாவோட அப்பாவோ அவருக்கும் ஒரு தலைமுறை மேல இருக்கறவரோ பொது முன்னோரா இருக்கலாம்னு சைட்டு சொல்லுச்சு. நான் அதுல உடனே குதிக்கல. நம்ம பக்கம் அத்தை பொண்ணு, மாமன் பொண்ணு, அக்கா பொண்ணுன்னு தலைமுறை தலைமுறையா உள்ளுக்குள்ளயே கட்டறோம், ஒரே முன்னோரோட டி.என்.ஏ ரெண்டு மூணு வழியா சுத்தி வந்து சேருது, அதனால தூரத்து சொந்தம்கூட கிட்டத்து சொந்தம் மாதிரி காட்டும். இதுக்கு நேர்மாறாவும் ஒண்ணு இருக்கு, கொள்ளுத்தாத்தாகிட்டேர்ந்து சராசரியா எட்டுல ஒரு பங்குதான் நமக்கு வருது, மேல போகப் போக அது பாதி பாதியா கொறஞ்சுகிட்டே போகுது, நாலாவது சுத்து சொந்தக்காரங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு டெஸ்ட்ல ஒண்ணுமே ஒத்துப்போகாது. அதனால லிஸ்ட்ல வரலன்னு ஒருத்தர சொந்தம் இல்லன்னு ஒதுக்கிடவும் கூடாது.

உண்மையா வழிய காட்டுனது அவங்க கையில வச்சிருந்த ஒரு தாள், கப்பல் பதிவுல அவங்க கொள்ளுத்தாத்தாவோட விவரம். 1860 நவம்பர் 16ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேர்ந்து 342 பேரோட டர்பன் போய் சேந்துச்சு, அதுல ஆரம்பிச்சு 1911 வரைக்கும் போன 1,52,184 பேருக்கும் பதிவு எழுதியிருக்காங்க, அதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ் வழியா போனவங்க. ஆளுக்கு ஒரு காலனி நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கற அடையாளம் எல்லாம் இருக்கு. அவங்க கொள்ளுத்தாத்தாவுக்கு இடது புருவத்துல தழும்புன்னு போட்டிருந்துச்சு. போட்டோ ஒண்ணும் கெடையாது, அவரு முகத்த பத்தி அந்தக் குடும்பத்துக்கு தெரிஞ்சது அந்த தழும்பு ஒண்ணுதான்.

சிக்கல் கிராமத்து பேருலதான். ஆள் தமிழ்ல சொன்னத கிளார்க் காதுல விழுந்தபடி இங்கிலீஷ்ல எழுதியிருக்காரு, படிச்சா மருடட்னு வருது. இவங்க நாலு வருஷமா மேப்ல தேடி, மருதூரா இருக்குமோன்னு நினைச்சு எங்கெங்கயோ இருக்கற மருதூருக்கெல்லாம் மெயில் போட்டிருக்காங்க. ஜில்லா வட ஆற்காடு, தாலுகா வந்தவாசின்னு பக்கத்துலயே எழுதியிருக்கு, பாத்த மாத்திரத்துல நான் சொல்லிட்டேன், அம்மா இது மருதாடுன்னு. இதவிட மோசமா எழுதுன கவர எல்லாம் சரியான வீட்டுல குடுத்தவங்க நாங்க. அந்தம்மா அந்தப் பேர திரும்பத் திரும்ப சொல்லிப் பாத்துகிட்டே இருந்தாங்க.

அதுக்கப்புறம் இங்க கஷ்டம்தான். ஒரு ஆபீஸ்ல 1880க்கெல்லாம் எங்ககிட்ட என்ன இருக்கும்னு உக்காரக்கூட சொல்லாம அனுப்பிட்டாங்க. பிறப்பு இறப்பு பதிவுக்கு மெட்ராஸ் மாகாணத்துல சட்டம் வந்ததே 1899லதான், நிலக் கணக்குல பட்டா வச்சிருந்தவன் பேருதான் இருக்கும், கப்பலேறுனவங்கள்ல பாதிக்கு மேல ஒரு குழி நிலம்கூட இல்லாதவங்களாத்தான் இருந்திருப்பாங்கன்னு நான் நினைக்கறேன். குடும்பப் பேர வச்சும் முழுசா நம்ப முடியாது, கவுண்டர் அங்க கோவெண்டர் ஆயிடுச்சு, முதலி மூட்லி ஆயிடுச்சு, பல வீட்டுல அப்பா பேரே குடும்பப் பேரா நின்னுடுச்சு.

கடைசில பேசுனது ஊர்ல இருந்த ஒரு வயசான அம்மா. தாது வருஷ பஞ்சத்துக்கு அப்புறம் எங்க பங்காளி வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேர்ல ஒருத்தன் கப்பலுக்கு போயிட்டான், திரும்பவே இல்லன்னு எங்க ஆயா சொல்லும்னு அவங்களா சொன்னாங்க, நாங்க எடுத்துக் குடுக்கல. அந்தப் பஞ்சம் 1876லேர்ந்து 1878 வரைக்கும், கப்பல் பதிவு அதுக்கு அஞ்சாறு வருஷம் கழிச்சு, காலம் பொருந்துது. இவருதான் அவருன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அந்தம்மா போன தைல காலமாயிட்டாங்க, நல்லவேளையா டீச்சரம்மா தம்பி அவங்க பேசுனத போன்ல பதிவு பண்ணி வச்சிருந்தாரு.

எனக்கு ராத்திரில தூக்கம் வராம பண்ணது இன்னொன்னு. கப்பலேறுனவருக்கு உயரம் தழும்பு வரைக்கும் எழுதி வச்சிருக்கு, ஊர்லயே இருந்துட்ட எங்க பூட்டனுக்கு எந்த ஆபீஸ்லயும் ஒரு வரி கெடையாது. அவரு பேரே எனக்கு கருமாதி சமயத்துல பெரியவங்க வாயால சொன்னதுலதான் தெரியும், அத நான் இப்பதான் ஒரு நோட்டுல எழுதி வச்சேன்.

டெஸ்ட் எடுக்கணும்னு ஆசைப்படறவங்க எடுங்க, நான் வேணாம்னு சொல்லல, ஆனா இந்த டெஸ்ட் பண்ற ட்வென்டிதிரீ அண்ட் மீ கம்பெனில 2023ல சுமார் 69 லட்சம் பேரோட விவரம் திருட்டுப் போச்சு, 2025 மார்ச்ல அந்த கம்பெனி திவால் மனுவே போட்டுச்சு, அத தெரிஞ்சுகிட்டு எடுங்க. அதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கற பெரியவங்ககிட்ட உக்காந்து யார் யாருக்கு என்ன முறை, பொண்ணு எந்த ஊர்லேர்ந்து எடுத்தாங்க, குலதெய்வம் எது, ஊருக்கு பழைய பேரு என்னன்னு கேட்டு போன்ல பதிவு பண்ணிடுங்க.

உங்க பேப்பருக்கு ஒரு வேண்டுகோள். வாரத்துல ஒரு நாள் ஒரு கால் பத்தி ஒதுக்குங்க. மொரிஷியஸ் மோக்காவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல இருக்கற பதிவு, டர்பன்ல இருக்கற பதிவு, பிஜில இருக்கற பாஸ் (கப்பலேறுனவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணா எழுதுன சீட்டு), இதுல வர்ற புரியாத ஊர் பேருங்கள அப்படியே போடுங்க, அந்தந்த தாலுகாக்காரங்க பாத்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. என்கிட்டயே இப்ப டீச்சரம்மாவோட தெரிஞ்சவங்க அனுப்புன பதினோரு பேரு இருக்கு, ஏழு கண்டுபிடிச்சுட்டேன். மீதி நாலும் செங்கல்பட்டு ஜில்லா, எனக்கு அந்தப் பக்கம் பழக்கம் இல்ல. மதுராந்தகம், காஞ்சிபுரம் பக்கத்து பழைய போஸ்ட்மேன் யாராவது இத படிச்சா உங்க ஆபீஸ் மூலமா என்ன தொடர்பு கொள்ளச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் ஊழியர்,
வந்தவாசி