அலுமாரியைக் கழிக்கும் முன் ஸ்கேன் செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வார இறுதியில் பட்டப்பின் படிப்பு. எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய அலுமாரிகளை அகற்றி, மாணவர்கள் கூடியிருந்து படிக்க மேசைகள் போடுகிறார்கள். மிக நல்ல வேலை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரே அறையில் ஆறு பேரோடு இருக்கும் பிள்ளைக்கு வெளிச்சமும் வைஃபையும் உள்ள ஓர் இருக்கை பெரிய உதவி. இரவிலும் திறந்து வைத்தால் இன்னும் நல்லது.

ஆனால் கழிக்க ஒதுக்கிய கட்டுகளைப் பார்த்தபோது நெஞ்சு பதறியது. தொழிற்சங்க மே தின மலர்கள், தேர்த் திருவிழா மலர்கள், துருப்பிடித்த கம்பியோடு, மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 பிரசாவுரிமைச் சட்டம் பற்றிய ஒரு துண்டுப்பிரசுரம். பல வருடமாக யாரும் இரவல் எடுக்கவில்லையாம். இரவல் கொடுக்காத பகுதியில் வைத்திருந்ததை யார், எப்படி எடுப்பது? பாடநூலின் பழைய பதிப்பென்றால் சரி, கழிக்கலாம், வேறெங்கும் கிடைக்கும். இவை கிடைக்காது.

‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தை நடத்தும் நூலக நிறுவனம் 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி இணையத்தில் இலவசமாகத் தருகிறது. நூலகர்கள் அவர்களோடு பேசி, இந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும் முன் ஸ்கேன் செய்யட்டும். அதுவரை ஒரு கட்டையும் வெளியே அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை, ஹட்டன்