தாடைக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்

மக்கள் நலக் கணக்கெடுப்புக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் பணியாளர் வந்திருந்தார். முட்டி வலி உண்டா, இடுப்பு வலி உண்டா, பல் எத்தனை போயிற்று என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தாடை மூட்டு வலிக்கிறது என்றேன். படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "அதுக்குக் கட்டம் இல்லைங்க, மற்றவையில போட்டுடறேன்" என்றார். அவர் மேல் குறையில்லை. கட்டம் போடாதவர்கள் நீங்கள்.

இந்தத் தாடை மூட்டுக் கோளாறு எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வலி தந்து முடக்கும் எலும்பு, தசைக் கோளாறுகளில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு அடுத்த இடம் இதற்குத்தான் என்று அமெரிக்காவின் தேசியப் பல் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. 5 முதல் 12 சதவீதம் பேருக்கு இருக்கிறதாம். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2021-ல் வந்த ஒரு தொகுப்பாய்வோ பெரியவர்களில் ஏறக்குறைய 31 சதவீதம் என்கிறது. வாய் திறக்கும்போது 'டக்'கென்று சத்தம் மட்டும் வருபவர்களையும் சேர்த்தால் எண் ஏறத்தான் செய்யும். வலியில்லாத சத்தத்துக்குப் பெரும்பாலும் வைத்தியமே தேவையில்லை. அதனால்தான் பிரித்துக் கேளுங்கள் என்கிறேன்.

கொட்டாவிக்குப் பயப்படுபவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் பயப்படுவோம். வரப்போகிறது என்று தெரிந்ததும் மோவாய்க்கு அடியில் முஷ்டியை முட்டுக்கொடுத்து, உதட்டை இறுக்கி, பாதியிலேயே விழுங்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் காதுக்கு முன்னால் சுரீரென்று இழுக்கும். சில நாள் தாடை பாதியில் சிக்கிக்கொள்ளும். இரண்டு விரல்கூட வாய்க்குள் நுழையாது. காது மருத்துவர் பார்த்தால் காதில் கோளாறில்லை, பல் மருத்துவர் பார்த்தால் பல்லில் சொத்தையில்லை. தலைவலி மாத்திரையோடு வீடு திரும்பலாம். "டென்ஷனைக் குறைங்கம்மா" என்ற இலவச அறிவுரை வேறு. இது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், அதுவும் 20 முதல் 40 வயதுக்குள். அந்த அறிவுரை ஏன் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்று இப்போது புரிகிறது.

கேட்கவே மாட்டீர்கள், கேட்காததால் யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்லாததால் இது அபூர்வம்! நல்ல கணக்குதான். இந்தக் கணக்கை வைத்துத்தான் மருத்துவ மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தர எத்தனை மணி நேரம் என்றும், ஆய்வுக்கு எவ்வளவு பணம் என்றும் முடிவாகிறது. சரி, கோபத்தை விடுகிறேன். கேட்க வந்தது ஒரு கட்டம்தான்.

கேள்விகளை நீங்கள் புதிதாக யோசிக்கவும் வேண்டாம். தாடை வலியைச் சலித்தெடுக்கும் சின்ன வினாப்பட்டியல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கடந்த 30 நாளில் தாடையிலோ நெற்றிப்பொட்டிலோ வலி இருந்ததா? காலையில் எழும்போது தாடை வலிக்கிறதா, இறுகியிருக்கிறதா? மென்றால், பேசினால், வாயைத் திறந்தால் வலி கூடுகிறதா, குறைகிறதா? இவ்வளவுதான். முட்டியைக் கேட்கும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

அடுத்த படிவம் அச்சுக்குப் போகும் முன் இவற்றைச் சேர்த்துவிடுங்கள், தயவுசெய்து. சேர்ப்பதில் ஏதேனும் சிக்கல் இருந்தால் அதையாவது பொதுவில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தாடை வலிக்காரர்களில் ஒருத்தி