மாரிக்கு எந்த நாவல், எந்த வரிசையில்?

ஆசிரியருக்கு,

மூன்றாம் தவணை முடிந்து பிள்ளைகள் வீட்டில் நிற்கும் மார்கழியில் என்ன நாவல் வாசிக்கலாம் என்று கேட்டால், யாழ்ப்பாணத்தில் வரும் முதல் விடை 'பொன்னியின் செல்வன்'. விடை பிழையில்லை. ஆனால் அதை எப்படி வாசிப்பது, அதற்குப் பிறகு எதை எடுப்பது என்று சொல்ல ஆளில்லை. முதற் பாகத்தோடு புத்தகம் அலுமாரிக்குள் போய்விடுகிறது. உங்கள் பத்திரிகை மாரிகால வாசிப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட வேண்டும். அதில் வரிசையும் இருக்கவேண்டும், ஒவ்வொரு நாவலும் வரலாற்றை எங்கே விட்டு விலகுகிறது என்ற குறிப்பும் இருக்கவேண்டும்.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானவை. அதனால் பல பதிப்பகங்கள் பல விலையில் அச்சிடுகின்றன. மலிவுப் பதிப்புகளில் எழுத்துப் பிழையும் விடுபடலும் உண்டு. வாங்குமுன் பொருளடக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்து பாகங்களிலும் முறையே 57, 53, 46, 46, 91 அத்தியாயங்கள், மொத்தம் 293 இருக்கவேண்டும். ஐந்தையும் ஒன்றாகக் கட்டிய தடித்த பதிப்பை விட்டுவிடுவது நல்லது. ஒருவர் முதற் பாகத்தை முடித்து மற்றவருக்குக் கொடுக்க முடியாது, முதுகும் விரைவில் விட்டுப்போகும். நாளுக்குப் பத்து அத்தியாயம் என்று வைத்தால் ஒரு மாதம், ஐந்து என்றால் இரண்டு மாதம். 1950இல் கிழமைதோறும் தொடராக வரத் தொடங்கிய கதை இது. அத்தியாயம் முடியும் இடமெல்லாம் கொக்கி போட்டு நிற்பதும், முன்பு நடந்தது அடிக்கடி திரும்பச் சொல்லப்படுவதும் அதனால்தான். ஒரே மூச்சில் வாசிப்பவருக்கு இது அலுக்கும். நாளுக்கு இவ்வளவு என்று அளவோடு வாசிப்பவருக்கு அதுவே துணை. ஐந்தாம் பாகத்தின் கடைசியில் உள்ள முடிவுரையை முன்கூட்டித் திறக்க வேண்டாம். பாத்திரங்களுக்குப் பின்னர் என்ன நடந்தது என்று கல்கியே அதில் சொல்லிவிடுகிறார்.

புதிய வாசகர் தடுமாறுவது பெயர்களில். கொப்பி ஒற்றை ஒன்றில் வம்சத்தை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்தால் போதும்: விசயாலயன், அவன் மகன் முதலாம் ஆதித்தன், அவன் மகன் முதலாம் பராந்தகன். பராந்தகனின் பிள்ளைகள் இராசாதித்தன், கண்டராதித்தன், அரிஞ்சயன். கண்டராதித்தனின் மகன் மதுராந்தகன். அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன். சுந்தர சோழனின் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன். அரியணைச் சண்டை முழுவதும் இந்த இரண்டு கிளைகளுக்கு இடையில்தான். நந்தினியும் பூங்குழலியும் கற்பனை. ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும், நாவலில் சதிகாரனாக வரும் இரவிதாசனுக்கு அதில் பங்கு இருந்ததும் உடையார்குடிக் கல்வெட்டில் உள்ள செய்தி.

நமக்கு இந்த நாவலில் இன்னொரு உரிமை உண்டு. இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' பெரும்பாலும் இலங்கையில் நடக்கிறது. மாதோட்டத்தையும் அநுராதபுரத்தையும் பார்த்தறிந்த நம் பிள்ளைகள் ஈழப் படத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து அந்தப் பாகத்தை வாசித்தால், தமிழ்நாட்டு வாசகருக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கும்.

அடுத்து எடுக்கவேண்டியது அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' என்பேன். அருள்மொழியின் மகன் இராசேந்திரனின் கதை. 1963இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. பராந்தகனிடம் தோற்ற பாண்டியன் இலங்கையில் அடைக்கலமாக வைத்துவிட்டுப் போன மணிமுடியை மீட்பதில் கதை சூடுபிடிக்கிறது. இது கற்பனையில்லை. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் வரும் புகழுரை, அந்த முடியையும் இந்திரன் ஆரத்தையும் கைப்பற்றியதைச் சொல்கிறது. ஐந்தாம் மகிந்தன் சோழரிடம் சிறைப்பட்டதை இலங்கையின் பாளி வரலாற்று நூலான சூளவம்சமும் பதிந்திருக்கிறது. ஆனால் சோழப் படை விகாரைகளைக் கொள்ளையடித்ததென்று அதே நூல் எழுதும் எழுத்து வேறு. வென்றவன் பக்கத்து நாவலை வாசிக்கும் பிள்ளை தோற்றவன் பக்கத்துப் பதிவையும் பார்க்கவேண்டும். இந்த நாட்டில் இருந்துகொண்டு அதைத் தவிர்ப்பது சரியல்ல.

பல்லவர் கதைகளில் வரிசை முக்கியம். கல்கி 'பார்த்திபன் கன'வை முதலில் எழுதினார்; ஆனால் கதைக்காலத்தில் 'சிவகாமியின் சபதம்' முந்தியது. 'பார்த்திபன் கன'வை முதலில் எடுத்தால் வாதாபிப் போரின் முடிவு தெரிந்துவிடும். சபதத்தின் இறுக்கம் போய்விடும். அரச கதை அலுத்தவர்கள் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', பிறகு 'வானம் வசப்படும்' என்று போகலாம். பிரெஞ்சுக்காரர் காலப் புதுச்சேரியில் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஊன்றி எழுந்த நாவல்கள் அவை. வாள்வீச்சைவிடச் சந்தையும் தெருவும் அவற்றில் அதிகம்.

இனி நம் பக்கம். தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் வெளியிட்டவர் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை. சொக்கநாத நாயக்கர் காலக் கதை. நடை பழையது, சாதாரண தரப் பிள்ளைக்குக் கடினம், உயர்தரத்தில் தமிழ் படிப்பவருக்குக் கொடுக்கலாம். யாழ்ப்பாண இராச்சியத்தைப் பற்றிய எந்தக் கதையை எடுத்தாலும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: சங்கிலி என்ற பெயரில் இருவர். 1544இல் மன்னாரில் கிறித்தவரைக் கொன்றவன் ஒருவன். 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டுக் கோவாவில் கொல்லப்பட்டவன் மற்றவன். பழைய வரலாற்று நூலான 'யாழ்ப்பாண வைபவமாலை' இருவரையும் ஒருவராகக் கலந்துவிட்டது. அதை நம்பி எழுதியவர்களும் அப்படியே கலந்துவிட்டார்கள். நாவலில் வரும் சங்கிலி எந்த ஆண்டில் நிற்கிறான் என்பதைப் பார்த்துவிட்டு மேலே வாசியுங்கள்.

பருவத்துக்குப் பொருந்துவது என்றால் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்'றைச் சொல்லாமல் விடமுடியாது. வாடை தொடங்க நெடுந்தீவில் வாடி (கடற்கரைக் குடில்) போட்டு மீன்பிடிக்க வருபவர்களின் கதை. சிறிய நாவல், இரண்டு மழைநாளில் முடியும். வன்னிக்குப் போக அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', தண்ணிமுறிப்புக் காடும் வயலும் அதில் உயிரோடு நிற்கின்றன. சாதிக் கொடுமையைச் சொல்லும் கே. டானியலின் 'பஞ்சமர்' கசப்பானது. 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த கோயில் நுழைவுப் போராட்டம் எதற்கென்று கேட்கும் பிள்ளைக்கு அதைவிட நேரான வாசிப்பு இல்லை. பதின்ம வயதினருக்குக் கொடுக்கும்போது பெரியவர் ஒருவரும் கூடவே வாசித்துப் பேசவேண்டும். நம் நாட்டு நாவல்களுக்குக் கடைகளில் அலையுமுன் நூலகம் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். பல பழைய பதிப்புகள் அங்கே இலவசமாக உள்ளன.

பழைய புத்தகம் இரவல் வாங்குபவர்களுக்கு ஒன்று: மாரியில் சுவரோடு ஒட்டிய தட்டில் வைக்கக்கூடாது. சுவரின் ஈரம் முதுகுக்கு ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும், பசைக்கு இராமபாணப் பூச்சி வரும். நான்கு விரல் இடைவெளி விட்டு நிமிர்த்தி வையுங்கள். நனைந்துவிட்டால் வெயிலில் போடாமல், ஒற்றைகளுக்கு இடையில் வெள்ளைத் தாள் செருகி மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் தாள் நெளிந்து பசை வெடித்துவிடும்.

பட்டியலை வெளியிடும்போது மேலே சொன்ன சோழர் வம்சத்தையும், யாழ்ப்பாண அரசர் இருவரின் ஆண்டுகளையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள். வெட்டியெடுத்துப் புத்தகத்துக்குள் வைக்கும் அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்